அத்தியாயம் 7: கட்டடத்தின் மறுமதிப்பீடும் யூனிட்டின் விலையும்

பெங்களூரின் ஒக்கலிபுரத்திலும் அதை அடுத்த ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஒரு நிலத்தின் மதிப்பு எவ்வாறு மாறுகிறது என்பதைப் புத்தகத்தைப் புரட்டி விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சம்பிகே சாலையில் ஒரு காலத்தில் ராஜா மில் இயங்கிய இடத்தில் இன்று மந்திரி ஸ்குவேர் என்னும் பெருங்கடை வளாகம் எழுந்து நிற்பதை அவர்கள் நாள்தோறும் பார்த்தபடியே கடந்து செல்கிறார்கள். மண் அதே மண்தான். அம்மண்ணிலிருந்து கிடைக்கும் வருமானம் மாறியது. ஆகையால் அதன் மதிப்பும் மாறியது.

கண்ணால் கண்டறிந்த அந்த உண்மையைக் காகிதத்தில் எண்களாக எழுதிப் பார்க்கும் பயிற்சியே இந்த அத்தியாயம். நாகவாராவில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் மான்யதா தொழில்நுட்பப் பூங்காவைத் தன் முதன்மையான ஆஸ்தியாகக் கொண்ட எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் ரீட் (பலரின் பணத்தை வாடகைக் கட்டடங்களில் முதலிடும் நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளையே ரீட்), யூனிட் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் 4,750 கோடி ரூபாய் திரட்டி, 2019 ஏப்ரல் 1 அன்று பங்குச் சந்தையில் பட்டியலாயிற்று. இந்தியாவில் இவ்வகை ஸ்தாபனங்களுள் அதுவே முதலாவது. ஆரம்பத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைந்து விண்ணப்பிக்க இயலாது என்றிருந்த விதியைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான செபி படிப்படியாகத் தளர்த்தி, 2021-இல் சந்தையில் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம் என்று அனுமதித்த பின்னர், ஓய்வூதியத்தில் சிறிது மிச்சம் பிடிப்பவரும் அந்தக் கட்டடங்களில் ஓர் அணுவளவு உரிமை பெற முடிந்தது. அப்படி வாங்கியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது: “கட்டடத்தின் மதிப்பு கூடியிருப்பதாக அறிவித்திருக்கிறார்களே, என் யூனிட்டின் விலை ஏன் அசையவில்லை?”

அக்கேள்விக்குரிய விடையை நீங்களே கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு கால்குலேட்டரும், ஒரு மணி நேர அவகாசமும் போதும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: விலைகள் இரண்டு

ரீட் யூனிட் ஒன்றுக்கு ஒரே சமயத்தில் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, வாங்குவோரும் விற்போரும் சந்தையில் கணந்தோறும் நிர்ணயிக்கும் சந்தை விலை. மற்றொன்று, கட்டடங்களின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் நிகர சொத்து மதிப்பு. பேச்சு வழக்கில் என்.ஏ.வி. செபியின் 2014-ஆம் ஆண்டு ரீட் விதிகளின்படி, நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை முழு மதிப்பீட்டையும், செப்டம்பர் 30 அன்று முடியும் அரையாண்டுக்கு ஒரு மறுபார்வையையும் செய்தாக வேண்டும். ஒரே சொத்தை ஒரே மதிப்பீட்டாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் மதிப்பிடலாகாது என்ற நல்ல நியதியும் அவ்விதிகளில் இருக்கிறது.

மறுமதிப்பீடு நேராகத் தொடுவது இரண்டாவது விலையைத்தான். முதலாவது விலையை அது தொடலாம், தொடாமலும் போகலாம். ஏனெனில் நிகர சொத்து மதிப்பைக் கொடுத்து உங்களிடமிருந்து யூனிட்டை வாங்கிக்கொள்ளும் கடமை எவருக்கும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும் முன்பே சந்தை அச்செய்தியை ஊகித்து விலையில் சேர்த்துவிடுவதும் வழக்கமே. 2020 மார்ச்சில் தொற்றுநோய் அச்சத்தால் யூனிட் விலை சில நாட்களிலேயே கடுமையாகச் சரிந்தது; ஆனால் மதிப்பீட்டாளர் மார்ச் 31-ஆம் தேதியை நிலைநிறுத்தி, பல ஆண்டு வாடகையைக் கணக்கில் கொண்டு, நிதானமாகத் தம் அபிப்பிராயத்தைப் பின்னரே எழுதினார்.

வேறு சில நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் பொதுமக்கள் முதலிட்ட சொத்து நிதிகள் பலவற்றில், நிதியின் நிர்வாகியே கட்டட மதிப்பைக் கொண்டு யூனிட் விலையை நாள்தோறும் அறிவித்து, கேட்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தது. அங்கே மறுமதிப்பீடு என்பதே விலை மாற்றம். 2016 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பு முடிந்ததும், எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்தைக் கேட்க, கட்டடங்களை ஒரு வாரத்தில் விற்க முடியாத காரணத்தால், ஜூலையில் ஸ்டாண்டர்ட் லைஃப், அவைவா, எம் அண்ட் ஜி ஆகியவை உட்படப் பல நிதிகள் பணம் தருவதையே நிறுத்தி வைத்தன. ‘யூனிட்’ என்ற சொல்லைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகம் செய்த நமது யூனிட் டிரஸ்ட், 1964-இல் தொடங்கிய யூ.எஸ். 64 திட்டத்தில், உள்ளிருந்த முதலீடுகளின் மதிப்போடு தொடர்பற்ற விலையை ஆண்டுக்கணக்கில் அறிவித்து வந்து, 2001 ஜூலையில் விற்பனையையும் திரும்பப் பெறுவதையும் நிறுத்தி வைக்க நேர்ந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறிவித்த விலைக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு நெருக்கடியில் என்ன ஆகும் என்பதற்கு அவ்விரண்டுமே சாட்சி. இனி நம் காரியத்துக்கு வருவோம்.

கணக்கிடும் முறை

1. ஆவணங்களைச் சேகரியுங்கள். ரீட்டின் சொந்த இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் அரையாண்டு நிதி அறிக்கை, மதிப்பீட்டுச் சுருக்கம், வருமானப் பகிர்வு அறிவிப்பு ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். இந்த அரையாண்டுக்கு மட்டுமன்றி, முந்தைய அரையாண்டுக்கும் எடுத்து வையுங்கள். ஒரே ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு மறுமதிப்பீட்டைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

2. சரியான பக்கத்தைத் திறவுங்கள். ‘நியாய மதிப்பில் நிகர சொத்துக்களின் அறிக்கை’ என்ற தலைப்புள்ள பக்கமே உங்களுக்கு வேண்டியது. இருப்புநிலைக் குறிப்பு அன்று. நம் நாட்டுக் கணக்கியல் தரத்தின்படி, முதலீட்டுக்கான கட்டடங்கள் இருப்புநிலைக் குறிப்பில் கிரயத்தில் தேய்மானம் கழித்தே காட்டப்படுகின்றன. மறுமதிப்பீட்டின் சுவடு அங்கே படிவதில்லை. நானே முதன்முறை இக்கணக்கைப் போட்டபோது இருப்புநிலைக் குறிப்பைத் திறந்துவைத்து ஒரு மாலைப்பொழுது முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

3. கட்டடம் வாரியாக எழுதுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, சென்ற மதிப்பையும் இன்றைய மதிப்பையும் அருகருகே குறியுங்கள். நகரின் ஒரு மூலையில் உயர்ந்ததும் மற்றொரு மூலையில் தாழ்ந்ததும் மொத்தத் தொகையில் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

4. கடன்களைக் கழியுங்கள். வங்கிக் கடன், கடன் பத்திரம், குத்தகைதாரர்களின் வைப்புத்தொகை முதலான அனைத்தும் அந்த அறிக்கையிலேயே பொறுப்புகள் என்ற வரிசையில் இருக்கும்.

5. யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அன்றைய தேதியில் புழக்கத்திலுள்ள எண்ணிக்கையையே எடுக்க வேண்டும். வெளிவட்டச் சாலையிலுள்ள டெக்வில்லேஜை 2020 டிசம்பரில் 9,782 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது, எம்பசி ரீட்டின் யூனிட்டுகள் ஏறத்தாழ 77 கோடியிலிருந்து 95 கோடிக்கு அருகே பெருகின. பழைய எண்ணிக்கையால் வகுத்திருந்தால், நடக்காத செல்வப் பெருக்கம் ஒன்று உங்கள் நோட்டில் தோன்றியிருக்கும்.

6. இடையில் கிடைத்த பகிர்வைக் கூட்டிப் பாருங்கள். பகிர்ந்தளிக்கத் தக்க ரொக்கத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் யூனிட்தாரர்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. அவ்வாறு வெளியேறிய ரொக்கம் நிகர சொத்து மதிப்பிலிருந்து குறைகிறது; ஆனால் அது உங்கள் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் குறைவை நஷ்டமாகக் கருத வேண்டாம்.

7. கடைசியாகச் சந்தை விலையை அருகில் எழுதுங்கள். கடைசியாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலிலேயே அதைப் பார்த்துவிட்டால், மனம் அந்த எண்ணுக்குப் பொருந்தும் விடையைத் தேடத் தொடங்கிவிடும்.

இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை: மதிப்பு எதனால் மாறிற்று?

வருமானம் தரும் கட்டடத்தை மதிப்பிடுபவர், வருங்கால வாடகையைக் கணித்து, அதை ஒரு விகிதத்தைக் கொண்டு இன்றைய தொகையாக மாற்றுகிறார். பத்தாண்டு வரவைத் தனித்தனியே கணக்கிடும் விரிவான முறையே நடைமுறையில் உள்ளதெனினும், அதன் சாரத்தை ஒரே வகுத்தலில் கண்டுவிடலாம்: நிகர வாடகையை விகிதத்தால் வகுத்தால் மதிப்பு. ஆகவே மதிப்பு உயர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேலே இருக்கும் வாடகை உயரலாம். அல்லது கீழே இருக்கும் விகிதம் குறையலாம். இவ்விரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரித் தோன்றும். யூனிட்தாரருக்கோ இவை முற்றிலும் வெவ்வேறு பொருள் தருவன.

கற்பனையான ஒரு ரீட்டைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஆண்டு நிகர வாடகை 80 கோடி ரூபாய். விகிதம் 8 சதவீதம். எனவே மதிப்பு 1,000 கோடி. கடன் 300 கோடி, வட்டி 8 சதவீதம். யூனிட்டுகள் 7 கோடி. நிகர சொத்து மதிப்பு யூனிட்டுக்கு 100 ரூபாய். வட்டி 24 கோடி போக மிஞ்சும் 56 கோடியை முழுவதும் பகிர்ந்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய்.

முதல் மறுமதிப்பீடு: வாடகை 84 கோடியாக உயர்கிறது, விகிதம் அப்படியே. மதிப்பு 1,050 கோடி. யூனிட்டுக்கு 107 ரூபாய் 14 காசு. பகிர்வு 8 ரூபாய் 57 காசாக உயர்கிறது.

இரண்டாம் மறுமதிப்பீடு: வாடகை 80 கோடியே; விகிதம் 7.6 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. மதிப்பு ஏறத்தாழ 1,053 கோடி. யூனிட்டுக்கு 107 ரூபாய் 52 காசு. பகிர்வு அதே 8 ரூபாய்தான்.

செய்தித்தாளில் இரண்டாவதே சற்றுப் பெரிய வெற்றியாக அச்சாகும். ஆனால் முதலாவதில் உங்கள் கைக்கு வரும் பணம் கூடியிருக்கிறது. இரண்டாவதில் மதிப்பீட்டாளரின் அபிப்பிராயம் மட்டுமே மாறியிருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் 8 சதவீதத்துக்குத் திரும்பினால் அந்த உயர்வு முழுவதும் மறையும். விகிதத்தால் வந்த உயர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. நாட்டின் வட்டி நிலை தாழ்ந்தால் அது நியாயமாகவே வரக்கூடும். அந்த உயர்வைச் செலவு செய்யத் தக்க செல்வமாக எண்ணிக்கொள்வதுதான் தவறு.

விகிதம் எதிர்த்திசையில் சென்றால் கடன் தன் வேலையைக் காட்டும். அதே ரீட்டில் விகிதம் 8.5 சதவீதம் ஆனால், கட்டட மதிப்பு 941 கோடியாக, அதாவது ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். யூனிட்டின் மதிப்போ 91 ரூபாய் 60 காசுக்கு இறங்கி, 8 சதவீதத்துக்கு மேல் குறையும். கட்டடம் தாழ்ந்தாலும் கடன் தாழ்வதில்லை. முழுச் சுமையையும் யூனிட்தாரரே ஏற்கிறார். 2022 மே மாதத்துக்கு முன்பு 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டிய காலத்தில், கட்டடங்களின் வாடகை குறையாதபோதும் ரீட் யூனிட்டுகள் ஏன் அழுத்தத்துக்கு ஆளாயின என்பதற்கு இந்த வகுத்தலே விளக்கம்.

வாடகையின் பக்கத்திலும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பெங்களூரின் அலுவலகக் குத்தகைகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்பது பெருவழக்கு. மதிப்பீட்டாளர் அதை முன்பே தம் கணிப்பில் சேர்த்துவிட்டிருப்பார். எனவே அந்த உயர்வு நடைமுறைக்கு வரும் நாளில் மதிப்பு துள்ளிக் குதிக்காது. அவர் எதிர்பாராதவையே மதிப்பை அசைக்கும்: பெரிய குத்தகைதாரர் வெளியேறுதல், எதிர்பார்த்ததைவிட மேலான வாடகையில் புதிய ஒப்பந்தம், நெடுங்காலம் காலியாயிருந்த தளம் நிரம்புதல். சிறப்புப் பொருளாதார மண்டலக் கட்டடங்களில் தளம் தளமாக அந்தத் தகுதியை நீக்கிக்கொள்ள 2023 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோது, மண்டல நிபந்தனையால் காலியாய்க் கிடந்த தளங்களைப் பிற நிறுவனங்களுக்கும் விட வழி பிறந்தது. அத்தகைய செய்தியின் பின் வரும் மதிப்பீட்டில், நிரம்பிய பரப்பின் சதவீதத்தை முதலில் பாருங்கள்.

*குறிப்பு:* மதிப்பீட்டுச் சுருக்கத்தில் ‘அனுமானங்கள்’ என்ற பட்டியல் இருக்கும். வாடகை, விகிதம், காலிப் பரப்பு நிரம்பும் காலம் ஆகிய மூன்றையும் சென்ற முறையோடு ஒப்பிட்டு, மாறியதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மற்றப் பக்கங்களைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒன்றைத் தவறவிடாதீர்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

அரசின் வழிகாட்டி மதிப்பை மறுமதிப்பீடு என்று மயங்குவது நம் ஊரில் மிகுதியாகக் காணும் பிழை. 2023 அக்டோபர் 1 முதல் கர்நாடக அரசு வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது, ரீட் யூனிட்டுகளும் அதே அளவு உயரும் என்று நம்பி வாங்கியவர்களை நான் அறிவேன். அது பத்திரப் பதிவுக் கட்டணத்துக்கான அடிப்படை. வாடகைக்கு விட்ட அலுவலக வளாகத்தின் மதிப்பீடு அதன்மீது நிற்பதில்லை. ஒக்கலிபுரத்தில் உங்கள் வீட்டு மனைக்கு அது பொருந்தலாம். நாகவாராவில் உங்கள் யூனிட்டுக்குப் பொருந்தாது.

பகுதி உரிமையை முழு உரிமையாக எண்ணுவது மற்றொன்று. கோல்ஃப்லிங்க்ஸ் வளாகத்தில் எம்பசி ரீட்டுக்கு உள்ளது 50 சதவீதப் பங்கு; கணக்கிலும் அது முதலீடாகத் தனியே நிற்கும். வளாகத்தின் முழு மதிப்பையும் மூன்றாம் படியில் எழுதிவிட்டால் விடை பிழைபடும்.

வாங்கியதால் கூடிய தொகையை மதிப்பு உயர்ந்ததாகக் கொள்ளும் பிழையும் உண்டு. 2024-இல் சென்னைப் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையிலுள்ள ஸ்பிளெண்டிட் டெக்ஸோன் வளாகம் எம்பசி ரீட்டில் சேர்ந்ததால், மொத்தச் சொத்து மதிப்பு அந்த அளவுக்குப் பெருகியது. அது மறுமதிப்பீட்டின் விளைவன்று. இரண்டு தேதிகளிலும் இருந்த கட்டடங்களை மட்டும் ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

சந்தை விலை நிகர சொத்து மதிப்புக்குக் கீழே இருந்தால் மலிவு என்று உடனே முடிவு செய்வதே இவற்றுள் பணத்தை அதிகம் விழுங்குவது. மதிப்பீட்டாளர் வைத்த விகிதத்தைச் சந்தை ஏற்கவில்லை என்பதே அந்த இடைவெளியின் பொருளாகவும் இருக்கலாம். எந்த விகிதத்தை வைத்தால் இன்றைய சந்தை விலை கிடைக்கும் என்று பின்னோக்கி வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா என்பதே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

பாதுகாப்புக்கு

கடன் விகிதத்தை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். சொத்து மதிப்பில் 49 சதவீதத்துக்கு மேல் ரீட் கடன் வைத்திருக்கலாகாது. 25 சதவீதத்தைத் தாண்டினால் தர மதிப்பீடும் யூனிட்தாரர்களின் ஒப்புதலும் வேண்டும். இந்த விகிதம் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமலே உயரக்கூடும் என்பதை நினைவில் நிறுத்துங்கள்: மேற்சொன்ன கற்பனை ரீட்டுக்கு 480 கோடி கடன் இருந்திருந்தால், 48 சதவீதமாயிருந்த விகிதம், கட்டட மதிப்பு 941 கோடியாகக் குறைந்த அன்றே 51 சதவீதமாகியிருக்கும்.

சொத்து வாங்குவதற்கு ஒப்புதல் கேட்டு வாக்குச் சீட்டு வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கொடுத்து வாங்கவும், 90 சதவீதத்துக்குக் கீழ் விற்கவும் யூனிட்தாரர்களின் சம்மதம் தேவை. விற்பவர் நிர்வாகத்தைச் சேர்ந்த குழுமமாகவே இருந்தால் ஒவ்வோர் அனுமானத்தையும் இருமுறை படியுங்கள்.

ஒரே கட்டடத்தைச் சார்ந்த திட்டங்களில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். 2024 மார்ச்சில் செபி வகுத்த சிறிய, நடுத்தர ரீட் விதிகளின் கீழ் முதலாவதாக வந்த பிராப்ஷேர் பிளாட்டினா, வெளிவட்டச் சாலையிலுள்ள ஒரு கட்டடத்தை அடிப்படையாகக் கொண்டது. இவ்வகைத் திட்டங்களில் குறைந்தபட்ச முதலீடே 10 லட்சம் ரூபாய். பல கட்டடங்கள் உள்ள ரீட்டில் ஒன்றின் வீழ்ச்சியை மற்றொன்று தாங்கும். இங்கே தாங்குவதற்கு வேறொன்றில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் இத்தகைய ஒன்றில் வைக்க வேண்டாம்.

“அடுத்த மாதம் மறுமதிப்பீடு, அதற்குள் பழைய விலையில் யூனிட் வாங்குங்கள்” என்று கைப்பேசியில் எவரேனும் அழைத்தால், அவர் சொல்லும் பெயர் செபியின் இணையதளத்திலுள்ள பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையெனில் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற ஸ்தாபனத்தின் மீது முறையீடு இருந்தால், ஸ்கோர்ஸ் என்னும் செபியின் புகார்த் தளத்தில் நீங்களே எழுதலாம். இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

நோட்டின் பக்கத்தில் ஆறு கட்டங்கள் வரைந்து, தேதி, நிகர வாடகை, விகிதம், கடன் விகிதம், நிகர சொத்து மதிப்பு, சந்தை விலை என்று தலைப்பிடுங்கள். மார்ச் 31-க்குரிய அறிக்கை வந்ததும் முதல் வரி; செப்டம்பர் 30-க்குரியது அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வந்ததும் இரண்டாம் வரி. நான்கு வரிகள் நிரம்பும் வரை, மறுமதிப்பீட்டுச் செய்தி ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.